5 அடி மீன்தொட்டிக்கு வீட்டிலேயே ஸ்டாண்ட் செய்யலாமா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி சொல்லியிருக்கிறார். வீடு முதல் மாடி. கடையில் சொல்கிற ஸ்டாண்ட் விலை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஊரில் பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்குச் சட்டங்கள் கொஞ்சம் கையில் இருக்கின்றன. "எத்தனை அங்குல மரம் போட்டால் தாங்கும்? இல்லை, இரும்பிலேயே அடித்துவிடலாமா?" என்பது கேள்வி. கேட்டிருப்பது மரத்தின் கனம். ஆனால் அவருக்கு உள்ளே இருக்கிற பயம் மூன்று என்று நினைக்கிறேன்: ஸ்டாண்ட் முறியுமா, கண்ணாடி விரியுமா, மாடித் தளம் தாங்குமா. இந்த மூன்றுக்கும் பதில் வேறு வேறு. மரத்தின் கனம் முதல் பயத்துக்கு மட்டும்தான் பதில். மூன்றில் அதுதான் சின்னப் பயம்.

நான் பேட்டை ஐடிஐயில் படித்துவிட்டுப் பல வருடங்களாக வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி போகத் தொட்டி ஸ்டாண்டும் நிறைய அடித்திருக்கிறேன். ஆகவே இரும்பைப் பற்றிச் சொல்வதை நம்பிச் செய்யலாம். மரவேலை என் தொழில் கிடையாது. ஆசாரிகளோடு சேர்ந்து வேலை பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். தளம் பற்றிப் பொதுவான விஷயங்களைச் சொல்ல முடியும். உங்கள் வீட்டுத் தளத்தைப் பார்க்காமல் "தாராளமாக வையுங்கள்" என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

முதலில் எடை. 5, 2, 2 பெருக்கினால் 20 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் விளிம்பு வரை 566 லிட்டர். விளிம்பு வரை யாரும் ஊற்றுவதில்லை. மேலே 3 அங்குலம் விட்டால் ஏறக்குறைய 495 லிட்டர், அதாவது 495 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ. அடிக்கண்ணாடியும் நான்கு பக்கமும் சேர்த்தால் இந்தத் தொட்டியே 100 கிலோ வரும். மணல், கல், வேர்க்கட்டை எல்லாம் 50 முதல் 100 கிலோ. ஆக, கணக்குக்கு 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல்மீன் வளர்க்கும் எண்ணம் இருந்தால் உப்புத்தண்ணீர் இரண்டரை சதவீதம் கூடுதல் எடை. அது பெரிய வித்தியாசம் இல்லை.

இனி முறியுமா என்ற பயம். 3 அங்குலத்துக்கு 3 அங்குல மரக்கால் ஒன்று, நேர் செங்குத்தாக நின்று, எடை அதன் தலையில் நேராக இறங்கினால், அந்த ஒற்றைக் காலே 700 கிலோவைத் தாங்கும். 40 மி.மீ. சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. தகட்டில் இருந்தால் அதுவும் அப்படியே. நீங்கள் வைக்கப்போவது 6 கால். கால் நசுங்கி ஸ்டாண்ட் விழுந்தது என்று கேள்விப்பட்டால் நான் நம்ப மாட்டேன். விழுந்த ஸ்டாண்டுகளில் எல்லாம் கால் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், அல்லது எடை மரத்தின் தலையில் இறங்காமல் ஆணியில் தொங்கியிருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேல் சட்டம் தொய்வது இதைவிடப் பெரிய விஷயம். அதே 40க்கு 40 குழாயை 5 அடி நீளத்துக்கு நடுவில் கால் இல்லாமல் விட்டு, தொட்டியின் பாதி எடையை அதன்மேல் பரப்பினால், நடுவில் சுமார் 10 மி.மீ. தொய்யும். குழாய் உடையாது, எடையை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் மேலே இருக்கிற கண்ணாடிக்கு 10 மி.மீ. மிக அதிகம். 2 அடி உயரமுள்ள முன்பக்கக் கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் அதற்கு விறைப்பு அதிகம், அது குழாயோடு சேர்ந்து வளையாது. விளைவு, தொட்டி நடுவில் தாங்கல் இல்லாமல் இரண்டு முனையில் மட்டும் உட்காரும். மூலைகளில் அழுத்தம் ஏறும். அடிக்கண்ணாடியும் சிலிக்கான் ஒட்டும் அதை வாங்கிக்கொள்ளும். முதல் நாளே விரியாமல் சில மாதம் கழித்து ஒருநாள் ஒட்டு விடுவதும் உண்டு. அப்போது தொட்டி செய்தவர்மேல் பழி விழும்.

இதற்குப் பரிகாரம் சுலபம். நீளவாக்கில் நடுவில் ஒரு கால், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடைவெளி பாதியானால் தொய்வு பாதியாகக் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். பதினாறில் ஒரு பங்காகக் குறையும். 10 மி.மீ. இருந்த இடத்தில் முக்கால் மி.மீ. கூட வராது. முன்பக்கம் நடுவில் கால் வந்தால் கீழே அலமாரிக் கதவு போடுவதற்கு இடைஞ்சல் என்று சொல்கிறவர்கள் உண்டு. கதவை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். அந்தக் காலை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மரத்திலும் கணக்கு இதேதான், கூடவே ஒன்று இருக்கிறது. 2க்கு 4 அங்குலச் சட்டத்தை 4 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்க வைத்தால் 5 அடியில் சுமார் 4 மி.மீ. தொய்யும், அதையே படுக்க வைத்தால் நான்கு மடங்கு தொய்யும். மரம் ஒன்றுதான், காசும் ஒன்றுதான், நிறுத்திவைக்கும் வாக்கில் இத்தனை வித்தியாசம். படுக்கவைத்தால் தொட்டி உட்கார அகலம் கிடைக்கும் என்று சிலர் அப்படிச் செய்கிறார்கள். அகலத்தை மேலே போடும் பிளைவுட் கொடுத்துவிடும். சட்டம் நிமிர்ந்தே நிற்கட்டும்.

உங்கள் கையிலிருக்கும் பழைய தேக்குக்கு வருகிறேன். அது நல்ல மரம். இன்றைக்குக் கடையில் வாங்கும் புது மரத்தைவிட, நாற்பது ஐம்பது வருடம் கூரையில் கிடந்து காய்ந்த தேக்கு நெளியாது. ஆனால் ஒவ்வொரு சட்டத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். முனையில் உளியால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் செல்லரித்திருக்கிறது. நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா, பெரிய கணு நடுவில் வருகிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட துண்டைக் காலுக்கு வெட்டிப் போடலாம், மேல் சட்டத்துக்கு வேண்டாம். பழைய ஆணி முழுவதையும் பிடுங்கிவிட்டே ஆசாரியிடம் கொடுங்கள். இழைப்புளி வாய் போனால் அவருக்கு நஷ்டம்.

தேக்கு போதவில்லை என்றால் வேங்கை போடலாம். வேம்பு செல்லுக்குத் தாங்கும் என்பதால் நம் பக்கம் ஆசாரிகள் விரும்புவார்கள். நன்றாகக் காயாத வேம்பு நெளிந்துவிடும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். அறுத்துப் பல மாதம் நிழலில் கிடந்த மரமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் வலுவில் குறைந்ததில்லை. தென்மாவட்டத்துப் பழைய கூரைகள் அதில்தான் நிற்கின்றன. ஆனால் ஆணி அடித்தால் பிளக்கும், துளை போடுவதும் சிரமம். முதல்முறை செய்கிறவர் அதில் இறங்க வேண்டாம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வந்து பெட்டி அடிக்கப் பயன்படும் பைன் மரம் விலை குறைவு. கனமான அளவில் கிடைத்தால் ஸ்டாண்டுக்கு ஆகும், செல்லுக்கு மட்டும் மருந்து அடிக்க வேண்டும்.

மரத்தில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். எடை மரத்திலிருந்து மரத்துக்கு இறங்க வேண்டும், இரும்பு ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது. மேல் சட்டம் காலின் தலைமேல் உட்கார வேண்டும். பலர் செய்வது என்னவென்றால், நான்கு காலை நிறுத்தி, அதன் பக்கவாட்டில் சட்டத்தை வைத்து ஸ்க்ரூ முடுக்கிவிடுவார்கள். பார்க்க வலுவாகத் தெரியும், ஆனால் 700 கிலோவும் அந்த ஸ்க்ரூக்களின் கழுத்தில். சட்டத்தைப் பக்கவாட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் காலில் பாதிக் கனத்தை வெட்டி, அந்த வெட்டில் சட்டம் உட்காரும்படி செய்யச் சொல்லுங்கள். ஆசாரிக்கு இது தினசரி வேலை. அப்புறம் ஸ்க்ரூவும் பசையும் சட்டத்தை விலகாமல் பிடித்துக்கொண்டால் போதும், தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பசை தண்ணீருக்குத் தாங்கும் வகையாக இருக்கட்டும். ஜிப்சம் பலகைக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூவைத் தவிருங்கள். அது வளையாமல் பட்டென்று முறியும் சாதி.

அடுத்தது ஆட்டம். செய்து முடித்த ஸ்டாண்டின் ஒரு முனையைப் பிடித்து நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். நான்கு கோல் வைத்த செவ்வகம் எப்போதும் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். அதில் குறுக்கே ஒரு கோல் விழுந்து முக்கோணமானால் அசையாது. மரத்தில் இதற்குச் சுலபமான வழி பின்பக்கம் முழுவதும், இரண்டு ஓரப் பக்கங்களிலும் 12 மி.மீ. பிளைவுட் வைத்துப் பசையும் ஸ்க்ரூவும் போடுவது. முழுத்தகடு குறுக்குக் கோலைவிட நன்றாகப் பிடிக்கும். குழாய் வெளியே போக ஓட்டை வேண்டுமானால் நடுப்பகுதியில் வட்டமாகப் போடுங்கள், ஓரத்தில் வேண்டாம். வீட்டில் ஓடி விளையாடுகிற பிள்ளைகள் இருந்தால் இந்தப் பின்தகடு இல்லாமல் தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். பாதித் தண்ணீரோடு தொட்டி ஆடினால், உள்ளே அலையடிக்கிற தண்ணீரே மேலும் ஆட்டும்.

பிளைவுட் வாங்கும்போது அதன்மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். ஐஎஸ் என்பது இந்தியத் தர எண். ஐஎஸ் 710 என்று இருந்தால் மரைன் பிளைவுட். தண்ணீர் பட்டாலும் ஏடு பிரியாது. ஐஎஸ் 303இல் இரண்டு வகை உண்டு. அதில் பிடபிள்யூஆர் என்று போட்டது ஓரளவு தாங்கும், எம்ஆர் என்று போட்டது ஈரப்பதத்துக்கு மட்டும்தான், சிந்தும் தண்ணீருக்கு ஆகாது. மேல்பலகைக்கு 18 அல்லது 19 மி.மீ. மரைன் போடுங்கள். மரத்தூளை அமுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இரண்டும் பெரிய தொட்டியின் அடியில் எங்கேயும் வேண்டாம். தண்ணீர் குடித்தால் உப்பிப் பொருபொருத்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரைப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, அந்தப் பலகையில் செய்த டிவி ஸ்டாண்டும் அலமாரியும் என்ன ஆயின என்று அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளம் வேண்டியதில்லை, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது சிந்துவதே போதும்.

இரும்பில் செய்வதானால் நான் சொல்லும் அளவு இது. 40க்கு 40 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. தகடு. மேலே ஒரு செவ்வகம், கீழே தரையை ஒட்டி ஒரு செவ்வகம், 6 கால், மேலே அகலவாக்கில் 3 குறுக்குச் சட்டம், கீழே நடுவில் ஒன்று. இரண்டரை அடி உயரத்துக்கு மொத்தம் 15 மீட்டர் சொச்சம் வரும். குழாய் 6 மீட்டர் நீளத்தில் விற்பதால் 3 நீளம் வாங்க வேண்டும். ஃப்ரேம் சுமார் 35 கிலோ நிற்கும். பட்டறையில் கிலோ கணக்கில் கூலி பேசினால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மி.மீ. என்று சொல்லி 1.6 மி.மீ. தருவது நடக்கிற விஷயம். தகட்டின் கனம் அளக்கும் வெர்னியர் இல்லாவிட்டால் தராசில் பார்த்துவிடலாம்: முழு நீளம் ஒன்று 14 கிலோவை ஒட்டி நின்றால் 2 மி.மீ., 11 அல்லது 12 என்று நின்றால் 1.6. ஸ்டாண்ட் 1.6இல் நின்றுவிடும். ஆனால் வெல்டிங்கில் ஓட்டை விழும், துரு தின்னும்போது மிச்சமும் இருக்காது. குழாய்க்குப் பதில் ‘எல்’ வடிவ இரும்பான ஆங்கிளில் அடிக்கிறவர்களும் உண்டு. ஆங்கிளில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், குழாயில் உள்ளே பிடித்தால் தெரியாது. அது ஆங்கிளுக்கு ஒரு நல்ல பக்கம். ஆனால் ஆங்கிள் முறுக்குக்குக் குழாய் அளவு தாங்காது. அதனால் நான் குழாயையே சொல்வேன்.

பட்டறையில் அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க முடிந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். முதலில் எல்லா மூலையிலும் பொட்டு, அதாவது புள்ளியாகச் சின்ன வெல்டிங், மட்டும் வைக்க வேண்டும். பொட்டு வைத்தபிறகு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 60 அங்குலத்துக்கு 24 அங்குலச் செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டமும் 64.6 அங்குலம் வர வேண்டும். இரண்டும் சமமாக இருப்பதுதான் முக்கியம், எண் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை. அதற்கப்புறம்தான் முழு வெல்டிங், அதுவும் ஒரு மூலையை முடித்துவிட்டு அடுத்த மூலை என்று வரிசையாகப் போகாமல் எதிர் எதிர் மூலைகளில் மாற்றி மாற்றி. வெல்டிங் ஆறும்போது இரும்பை இழுக்கும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைப் பின்னால் சுத்தியலால் அடித்து எடுப்பது நடக்காத காரியம். மேல்முகத்து வெல்டிங்கை கிரைண்டரில் மழுங்கத் தேய்க்க வேண்டும், அரை மி.மீ. மேடு இருந்தாலும் பலகை அங்கே தூக்கி நிற்கும்.

ஃப்ரேமில் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், கருவியே வேண்டாம். மேல் செவ்வகத்தின் எதிர் எதிர் மூலைகளுக்கு இரண்டு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடந்தால் நான்கு மூலையும் ஒரே தளத்தில் இருக்கின்றன. இடைவெளி தெரிந்தால் முறுக்கு. அழுத்திக்கொண்டு கடந்தாலும் முறுக்கு. எது மேலே எது கீழே என்று மாற்றிக் கட்டிப் பார்த்தால் அந்த இடைவெளி வெளியே வரும். இதை வீட்டில் வைத்தபிறகு தரையில் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

துருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழாயின் திறந்த வாய் எதுவும் இருக்கக் கூடாது, தகடு வைத்து அடைக்க வேண்டும். ரெட் ஆக்சைடு இரண்டு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட். பலகை உட்காரும் மேல்முகத்தையும், தரையைப் பார்க்கும் அடிமுகத்தையும் விட்டுவிடாதீர்கள். கடை ஸ்டாண்டுகளில் துரு முதலில் வருவது அந்த அடிமுகத்தில்தான். உவரி, திருச்செந்தூர் மாதிரிக் கடற்கரை ஊரில் இருக்கிறவர்கள் எபாக்சி பிரைமர் அடிப்பது நல்லது. துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில் செய்யலாம், ஆனால் அதை வெல்டிங் செய்யும்போது வரும் புகை உடம்புக்குக் கெடுதல். பழக்கமில்லாதவர் வீட்டுக்குள் வைத்து அதைச் செய்யவே கூடாது.

செங்கல் தூண் எழுப்பிக் கடப்பாக்கல் போட்டு வைக்கலாமா என்றும் அடிக்கடிக் கேட்கிறார்கள். தரைத்தளம், சொந்த வீடு, தொட்டியை நகர்த்தும் எண்ணமில்லை என்றால் நல்ல ஏற்பாடுதான். கடப்பாக்கல் அமுக்கினால் தாங்கும், வளைத்தால் ஒடியும்; இரண்டடிக்கு ஒரு தூண் கீழே வர வேண்டும். மாடியில் இது வேண்டாம். தொட்டி எடையோடு செங்கல் எடையும் தளத்தில் ஏறும்.

அந்தத் தளத்துக்கு வருவோம். வீட்டுத் தளங்களை வடிவமைக்க, கட்டடத்தில் ஏறும் எடைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 தரும் அளவு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ. உங்கள் தொட்டி ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் 700 கிலோவை இறக்குகிறது. இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அந்த 200 கிலோ அறை முழுக்க என்று கணக்கு. 10க்கு 12 அடி அறையில் அது 2,200 கிலோவைத் தாண்டும். கான்கிரீட் தளம் ஒரு இடத்து எடையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். பத்துப் பேர் ஒரு மூலையில் நெருக்கி நின்று புகைப்படம் எடுத்தால் யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் அவர்கள் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். தொட்டி வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும், கான்கிரீட் நிரந்தர எடையின் கீழ் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் தொய்யும். அதனால் இடம் முக்கியம். கீழ்வீட்டில் நேர் கீழே சுவரோ பீமோ வருகிற இடமாக, சுவரை ஒட்டி வையுங்கள். இரண்டு சுவர் சேரும் மூலை இன்னும் நல்லது. அறையின் நடுவில் வேண்டாம். வெளியே நீட்டிய பால்கனியில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். கீழே இருப்பது தளத்தைத் தாங்கும் சுவரா, வெறும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரா என்று தெரிந்துகொள்ளுங்கள்; தடுப்புச் சுவரை நம்பித் தளம் போட்டிருக்க மாட்டார்கள்.

1990க்குப் பிறகு ஒழுங்காகக் கம்பி கட்டிப் போட்ட தளம், சுவரோரம், கீழே சுவர் என்றால் இந்த அளவுத் தொட்டியை நான் வைப்பேன். அதைவிடப் பெரிய தொட்டி, அல்லது தளத்தின் அடியில் விரிசல், கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்த அடையாளம் இருந்தால், கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் வைக்கக் கூடாது. அவருக்குக் கொடுக்கும் பணம் தொட்டி விலையோடு பார்த்தால் சின்னது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளில், மரக்கட்டை அடுக்கிச் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மேல்தளம் இருக்கும். அங்கே மாடியில் பெரிய தொட்டி வேண்டவே வேண்டாம். கட்டையின் முனை சுவருக்குள் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் எடையைச் சொல்லிவிட்டே வையுங்கள். கீழே குடியிருப்பவருக்கும் அதில் பங்கிருக்கிறது.

தரைத்தளத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு கவலை. மானூர், சங்கரன்கோவில் பக்கம் மாதிரிக் கரிசல் மண்ணில் மழைக்கு மண் உப்பி வெயிலுக்குச் சுருங்கும். தரை பருவத்துக்குப் பருவம் அசையும். அங்கே வருடத்துக்கு இரண்டு தடவை மட்டம் பார்ப்பது நல்லது. டைல்ஸைக் கட்டைவிரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கூடாக ஒலித்தால் அடியில் சிமெண்டு இல்லை. அந்த இடத்தில் கால் ஊன்றினால் டைல்ஸ் உடையும். அதற்காகவும்தான் கீழே ஒரு முழுச் செவ்வகம் வேண்டும் என்றேன். தனிக் கால்களாக நின்றால் ஒவ்வொன்றின் அடியிலும் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம், 6 மி.மீ. தகடு வையுங்கள்.

நம் வீடுகளில் தரை மட்டமாக இருப்பது அபூர்வம். கழுவிவிட்டால் தண்ணீர் ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார். ஸ்டாண்டை வைத்து, ரசமட்டத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். குட்டை ரசமட்டம் 5 அடிக்குப் போதாது. நேரான அலுமினியச் சட்டம் ஒன்றின்மேல் வைத்துப் பார்க்கலாம், அல்லது தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் கொத்தனாரின் டியூப் லெவல் பிடிக்கலாம். தாழ்ந்த பக்கத்தில் தகடு செருகுங்கள். அட்டையும் மரச்சீவலும் ஈரத்தில் நைந்து இறங்கிவிடும். எவ்வளவு வரை விடலாம் என்று கேட்டால், 5 அடி நீளத்துக்கு 3 மி.மீ. சாய்வுக்குமேல் நான் விடுவதில்லை; இது என் பழக்கம், எழுதிவைத்த விதி என்று சொல்ல மாட்டேன். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் கண்ணுக்கு உறுத்தும், ஒரு பக்கக் கண்ணாடிக்குக் கொஞ்சம் அழுத்தம் கூடும், அவ்வளவுதான். ஒரு மூலை மட்டும் இறங்கி நிற்பதுதான் கண்ணாடியை விரிக்கும். அதற்கு 1 மி.மீ. கூட விடக் கூடாது.

மேல்பலகைக்கும் தொட்டிக்கும் நடுவில் தெர்மாகோல் வேண்டுமா என்பதில் பழைய ஆட்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் உட்காரும் தொட்டிக்கு 10 அல்லது 12 மி.மீ. தெர்மாகோலோ, கெட்டியான ஃபோம் விரிப்போ போடுவது நல்லது என்பது என் கருத்து. ஒரு மணல் துணுக்கு அடியில் மாட்டினால்கூடக் கண்ணாடிக்கு அது முள். தெர்மாகோல் அதை விழுங்கிக்கொள்ளும். ஆனால் ஸ்டாண்டின் முறுக்கை அது சரிசெய்யும் என்று நம்பாதீர்கள், செய்யாது. சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் வைத்து அடிக்கண்ணாடி தூக்கி நிற்கிற தொட்டியாக இருந்தால் தெர்மாகோல் போடக் கூடாது. அது அடிக்கண்ணாடியை நடுவில் மேல்நோக்கித் தள்ளும். உங்களுடையது எது என்று தொட்டி செய்தவரைக் கேட்டுவிடுங்கள். அப்படியே தொட்டியின் வெளி அளவையும் நீங்களே டேப் பிடித்து எடுத்துவிட்டு ஸ்டாண்ட் அளவு சொல்லுங்கள். 5 அடி என்று பேசியது கால் அங்குலம் கூடி வரும். ஸ்டாண்ட் தொட்டியைவிட எந்தப் பக்கமும் சிறிதாக இருக்கக் கூடாது.

தண்ணீரை ஒரே நாளில் ஊற்றிவிட வேண்டாம். கால்வாசி ஊற்றி மட்டம் பாருங்கள், அரைவாசியில் இன்னொரு முறை பாருங்கள், அதோடு ஒரு நாள் விடுங்கள். மறுநாள் முக்கால், பிறகு முழுதும். ஒவ்வொரு முறையும் தண்ணீர்மட்டத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் உள்ள தூரத்தை நான்கு மூலையிலும் டேப்பில் அளந்து எழுதிவைத்தால் எந்த மூலை இறங்குகிறது என்று தண்ணீரே சொல்லிவிடும். ஒரு மூலை மட்டும் தனியாக இறங்கினால் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் தகடு செருக வேண்டும். நிறைந்த தொட்டியின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவது கண்ணாடிக்கும் ஆபத்து, கைக்கும் ஆபத்து. மின்சாரத்துக்கு ஒரு வார்த்தை: எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஸ்டாண்டுக்குள் தரையில் போடாதீர்கள். சுவரில் உயரமாக மாட்டுங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். வீட்டு மெயினில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் தொட்டிக்கு முன்னால் அதை மாட்டிவிடுங்கள்.

உங்கள் நிலைமையில் என்ன செய்வேன் என்று கேட்டால்: தேக்கில் 3க்கு 3 கால் 6 எடுக்க மரம் தேறுமா, 4 அங்குல உயரச் சட்டம் 5 அடியில் இரண்டு கிடைக்குமா என்று பார்ப்பேன். கிடைத்தால் மரம், ஆசாரியை வைத்துத்தான். நல்ல மரம் கையிலிருக்கும்போது அதை விட்டுவிட்டு இரும்புக்குப் போக வேண்டியதில்லை. தேறவில்லை என்றால் இரும்பு ஃப்ரேம் அடித்து, கிடைக்கிற தேக்கை முன்பக்கக் கதவுக்கும் ஓரப்பட்டிக்கும் இழைத்துப் போடுவேன். இரும்பில் செய்தால் ஒன்று: 5 அடிக்கு 2 அடி ஃப்ரேம் முழுதாக வெல்டிங் செய்தபிறகு மடங்காது. மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும் கைப்பிடி உயரத்தையும் அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். திரும்பாது என்றால் முன்பும் பின்பும் தனித்தனியாக அடித்து, குறுக்குச் சட்டங்களை 10 மி.மீ. போல்ட்டில் முடுக்கும்படி செய்து தரச் சொல்லுங்கள். தகடு வைத்து, ஒரு இணைப்புக்கு இரண்டு போல்ட்டாகப் போட்டால் அதுவும் அசையாமல் நிற்கும்.